பச்சைக் குழந்தைக்கும் உறுத்தாது

முதுகில் கை எட்டாத இடம் ஒன்று எல்லோருக்கும் உண்டு. பூபாலனுக்கு அங்கேதான் அரித்தது. மேலிருந்து கையை விட்டால் ஒரு விரற்கடை குறைந்தது. கீழிருந்து வளைத்தால் தோள்பட்டை ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் பனியன் கம்பெனியின் செக்கிங் செக்‌ஷன் மூலையில் இருந்த இரும்பு ரேக்கில் முதுகைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, இடமும் வலமுமாக ஆடினார். சொர்க்கம் என்று ஒன்று இருந்தால் அதை இரும்பில்தான் செய்திருப்பார்கள் என்று தோன்றியது.

"என்ன சார், எருமை மாடு கணக்கா ஒரசிக்கிட்டு நிக்கிறீக?"

பூபாலன் கண்ணைத் திறந்தார். எதிரே பாண்டியம்மாள். செக்கிங் பெண்களில் மூத்தவர். திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் வேலை பார்த்தே இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டார். பேச்சு மட்டும் இன்னும் தேனியை விட்டுக் கிளம்பவில்லை.

"ஒண்ணுமில்லீங்க பாண்டியம்மா. ரேக்கு கெட்டியா இருக்குதான்னு பாத்தனுங்க."

"ரேக்கு கெட்டியாத்தேன் இருக்கு. நீங்கதேன் ஆடுறீக."

பூபாலன் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு நகர்ந்தார். அவர் அந்தக் கம்பெனியில் குவாலிட்டி இன்சார்ஜ். ஓடிக்கொண்டிருந்ததோ கைக்குழந்தை உடுப்பு ஆர்டர். அதிலும் தொட்டால் தடித்துப்போகும் தோல் உள்ள குழந்தைகளுக்கென்றே தயாராகும் உடுப்பு. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஓர் அட்டை தொங்கியது. ‘பச்சைக் குழந்தைக்கும் உறுத்தாது’ என்பதை இங்கிலீஷில் ஸ்டைலாக அச்சடித்திருந்தார்கள்.

அப்பேர்ப்பட்ட உடுப்பைக் காலையிலிருந்து மாலைவரை தொட்டுத் தடவிப் பாஸ் பண்ணும் மனுஷன், கழுத்திலிருந்து இடுப்புவரை தடித்துச் சிவந்து சொறிந்துகொண்டு நிற்கிறார் என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? வெள்ளிக்கிழமை, சரக்கு வாங்கும் பையர் ஆபீஸிலிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு வேறு ஆள் வருகிறார்.

ஆர்டர் போவது ஒரு பக்கம். உடுமலைப்பேட்டையில் கம்பெனியின் புது யூனிட் ரெடியாகிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு மேனேஜர் வேண்டும். முதலாளி சாமியப்பன் ஒருநாள் போகிறபோக்கில், "இந்த ஆர்டர் பாஸாகட்டுமுங்க, உடுமலைக்கு யாருன்னு அப்பறம் பேசிக்கலாம்" என்று சொல்லியிருந்தார். பூபாலன் அதை வீட்டில் வந்து சொன்னார். அவர் மனைவி வினிதா அதைச் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவிட்டாள். கல்யாண வீடுகளில் இப்போதே அவளை ‘மேனேஜர் சம்சாரம்’ என்று கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். இனி பின்வரிசைக்குப் போவது என்பது அந்தக் குடும்பத்தில் நடக்காத காரியம்.

பூபாலனிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. முதலாளியிடம் எதையும் மறைக்க மாட்டார். ஒரு பட்டன் கோணலாக இருந்தாலும் நேராக மாடியேறி முதலாளி அறைக்குப் போய்விடுவார். கெட்ட செய்தியைப் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று அவரே ஒரு முறையும் வகுத்திருந்தார். அன்றைக்கும் அந்த முறைப்படியே கதவைத் தள்ளினார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க மொதலாளி."

சாமியப்பன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "என்னாச்சுங்க?"

"ஒண்ணும் ஆகலீங்க. வெள்ளிக்கெழமை எல்லாம் நல்லபடியா முடியுமுங்க. முடியாமப் போறதுக்கு என்னென்ன வழி இருக்குதுன்னும் யோசிச்சு வெச்சிருக்கறனுங்க. சொல்லட்டுங்களா?"

சொன்னார். சாயம் ஒத்துப்போகாமல் போகலாம், அளவு குறையலாம், கன்டெய்னர் கவிழலாம் என்று அடுக்கிக்கொண்டே போனார். சாமியப்பனின் முகம் சிவந்தது. இரண்டு கைகளும் மேஜைக்கு அடியில் போயின. பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தோளை அசைத்தார். கையை முறுக்கிக் கோபத்தை அடக்குகிறார் என்று பூபாலனுக்குப் புரிந்தது.

"பூபாலன், தயவு பண்ணி வெளிய போயிருங்க சாமி."

கொங்கு நாட்டில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். ‘சாமி’ வந்துவிட்டால் உச்சம். படியிறங்கும்போதே பூபாலனின் கழுத்தில் புதிதாக மூன்று தடிப்புகள் எழும்பின.

சாயங்காலம் அவர் திருப்பூர் ராயபுரத்தில் தோல் டாக்டர் ஆஷாவின் கிளினிக்கில் போய் முகத்தை மறைத்தபடி உட்கார்ந்தார். மறைத்துப் பிரயோஜனமில்லை. அங்கே டோக்கன் போடும் விஜயராணிக்கு வியாதியையும் பெயரையும் சேர்த்துக் கூப்பிடுவதுதான் வழக்கம்.

"அரிப்பு பூபாலன் உள்ள போங்க! தேமல்காரரு ரெடியா இருங்க!"

டாக்டர் தடிப்புகளைப் பார்த்தார். "எப்பருந்துங்க இது?"

"இந்த ஆர்டர் வந்ததுல இருந்துங்க."

"ஞாயித்துக்கெழமை?"

பூபாலன் யோசித்தார். "மத்தியானம் வரைக்கும் இருக்கறதில்லீங்க. சாயங்காலமா, நாளைக்குத் திங்கக்கெழமைன்னு நெனப்பு வந்ததும் ஆரம்பிச்சுக்குமுங்க."

"சாப்பாட்டுல ஒண்ணுமில்ல, துணியிலயும் ஒண்ணுமில்ல. மனசுதான். தோலுக்கு அடியில காவல்காரச் செல்லுங்க இருக்குதுங்க. கிருமியோ விஷப்பூச்சியோ வந்தா, அதுங்க தன்கிட்ட இருக்கற சரக்கைக் கொட்டி ஊரைக் கூட்டும். தடிக்கறது, செவக்கறது, அரிக்கறது எல்லாம் அதனாலதான். நீங்க பயந்தா, மூளை நரம்பு வழியா அதுங்களுக்கும் சேதி அனுப்பிருது. அதுங்களுக்குப் பூச்சி எது, வெள்ளிக்கெழமை எதுன்னெல்லாம் தெரியாதுங்க. ஆபத்துன்னா ஆபத்து. கொட்டிருது."

"அடக்கறதுக்கு ஆளே இல்லீங்களா டாக்டர்?"

"இருக்குது. ‘போதும், அடங்குங்க’ன்னு சொல்றதுக்கு ஒடம்பே ஒரு ஹார்மோனைச் சொரக்கும். ஒரு நா ரெண்டு நாளுன்னா அது சொன்னபடி கேக்கும். மாசக்கணக்கா தெனம் பொழுதுக்கும் கத்திக்கிட்டே இருந்தா எவன் மதிப்பான்?"

பூபாலனுக்குச் செக்கிங் செக்‌ஷன் ஞாபகம் வந்தது. நியாயம்தான் என்று தலையாட்டினார்.

"அப்ப என்ன பண்றதுங்க?"

"பயப்படறதை விடுங்க."

"எப்பிடிங்க?"

"அது மருந்துக்கடைல கெடைக்காதுங்க. இப்போதைக்கு மாத்திரை தர்றேன். சொறியாதீங்க. கொஞ்சம் தூக்கம் வரும்."

கொஞ்சம் என்று டாக்டர் சொன்னது அவருடைய பெருந்தன்மை. மறுநாள் பூபாலன் நின்றபடியே தூங்கினார். பேசிக்கொண்டிருக்கும்போது பாதி வாக்கியத்தில் தூங்கி, மீதி வாக்கியத்தில் எழுந்தார். குழந்தை உடுப்பில் உடைந்த ஊசி முனை எதுவும் இருந்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றையும் ஊசி பிடிக்கும் மிஷினுக்குள் விட்டு எடுப்பார்கள். பெல்ட்டில் உடுப்பு வரிசையாகப் போகும், இரும்பு இருந்தால் மிஷின் அலறும். அதன் பக்கத்தில் ஒரு பண்டலில் உட்கார்ந்த பூபாலன் அப்படியே சரிந்தார். வாட்ச் கட்டிய கை பெல்ட்டின் மேல் விழுந்து, உடுப்புகளோடு ஊர்வலமாக உள்ளே போனது.

மிஷின் அலறிய அலறலில் ஃப்ளோர் முழுக்க நின்றுவிட்டது.

"ஊசி! ஊசி!" என்று சத்தம் கிளம்பியது. சட்டம் என்றால் சட்டம். ஊசி கிடைக்கும்வரை ஒரு உடுப்பும் நகரக் கூடாது. எல்லோரும் காந்தத்தை எடுத்துக்கொண்டு தரையில் தவழ்ந்தார்கள். கட்டிய பெட்டிகளைப் பிரித்துக் கொட்டினார்கள். அத்தனை களேபரத்துக்கும் நடுவில் பூபாலன் கையை மிஷினுக்குள் வைத்துக்கொண்டு குறட்டை விட்டார். பாண்டியம்மாள்தான் வாட்சைக் கண்டுபிடித்தார்.

"சார், ஊசி கெடச்சிருச்சு. உங்க கையில நேரம் காட்டிக்கிட்டு இருக்கு."

பூபாலன் எழுந்தார். மறைக்கும் பழக்கம்தான் கிடையாதே. நேராக மாடியேறினார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க மொதலாளி. ஊசி எதும் தொலையலீங்க. மத்தியானத்துல இருந்து ப்ரொடக்‌ஷன் மட்டுந்தானுங்க நின்னுபோச்சு."

சாமியப்பனின் கைகள் மேஜைக்கு அடியில் போயின. மேஜை மேலிருந்த டம்ளர் கிடுகிடுவென்று ஆடியது.

"வெளிய போயிருங்க சாமி."

மாத்திரை வேண்டாம் என்று பூபாலன் முடிவு செய்தார். வீட்டுக்குப் போனதும் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினார். வினிதா ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"ஏனுங்க, இது அக்கியில்லீங்களா? இதுக்குப் போயி ஆராச்சும் டாக்டருகிட்டப் போவாங்களா?"

"டாக்டரம்மா, மனசுல பயம், அதனால காவல்காரச் செல்லுன்னு..."

"ஆமாங்க, முதுகுல காவல் ஸ்டேஷன் இருக்குதாக்கும். கெளம்புங்க. இதுக்கெல்லாம் அக்கி எழுதோணும்."

ஊருக்கு வெளியே பானை செய்யும் சென்னிமலை என்பவர் அக்கி எழுதுவதில் பெயர் பெற்றவர். பூபாலனைக் குப்புறப் போட்டு, காவியைக் குழைத்து, கோழி இறகால் முதுகு முழுக்கப் பூசினார். நடுவில் வாயைப் பிளந்தபடி ஒரு சிங்கத்தையும் வரைந்தார். மிச்சமிருந்த காவியைக் கையிலும் கழுத்திலும் தடவினார்.

"சிங்கம் எதுக்குங்க?" என்று கேட்டார் பூபாலன்.

"அக்கியைத் தின்னுபோடுமுங்க. மூணு நாளைக்குக் குளிக்கப்படாது. தண்ணி பட்டா சிங்கம் கோவிச்சுக்கும்."

குளிர்ச்சியாகத்தான் இருந்தது. அன்று ராத்திரி பூபாலன் பல நாள்களுக்குப் பிறகு நிம்மதியாக இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. அயர்னிங் டேபிள் ஆவியில் செக்கிங் செக்‌ஷன் வெந்தது. பூபாலன் வேர்த்தார். அவரோடு சேர்ந்து சிங்கமும் வேர்த்து, சட்டையைத் தாண்டிக் கசிந்தது. அது தெரியாமல், மடித்து அடுக்கியிருந்த வெள்ளை உடுப்புகளின் மேல் ‘அப்பாடா’ என்று ஒரு நிமிஷம் சாய்ந்தார். நிமிர்ந்து பார்த்தால் மேல் அடுக்கு முழுக்கக் காவி. ஒரு குட்டி உடுப்பின் நெஞ்சில் சிங்கத்தின் முகம் அப்படியே பதிந்து, வாயைப் பிளந்து அவரைப் பார்த்தது.

பதறிப்போய்த் தண்ணீரை எடுத்துத் துடைத்தார். வெறும் முகமாக இருந்தது இப்போது பிடரி மயிரோடு படர்ந்தது.

"ஒண்ணும் பயப்படாதீங்க மொதலாளி. கொஞ்ச உடுப்புல மட்டும் சிங்கம் வந்திருச்சுங்க."

"என்னது?"

"சிங்கமுங்க. என்ற முதுகுல இருந்ததுங்க."

சாமியப்பன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். கதவைக் கை காட்டிவிட்டு அந்தக் கையையும் அவசரமாக மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

பூபாலன் இறங்கி வந்தபோது செக்கிங் செக்‌ஷன் ஒரு மாதிரி அமைதியாக இருந்தது. பெண்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். வேர்வையில் காவி கரைந்து, கழுத்திலும் கையிலும் தடிப்புகள் பளிச்சென்று தெரிந்தன. கண் வேறு சிவந்திருந்தது. பாண்டியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா வந்திருக்கா. நாந்தேன் தெரியாம எருமைன்னுட்டேன். மன்னிச்சிரு தாயி."

"பாண்டியம்மா, இது அம்மை இல்லீங்க!"

"அப்பறம் என்ன தாயி அது?"

அம்மை இல்லை, அரிப்பு என்று சொன்னால் அடுத்த கேள்வி எதனால் அரிப்பு என்பதுதான். இந்தத் துணியைத் தொட்டுத் தொட்டு வந்தது என்று ஒரு வாய் சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் திருப்பூர் முழுக்கப் பரவிவிடும். உடுப்பைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அம்மனாக இருந்தே தீர வேண்டும்.

"அது வந்து... அம்மைதானுங்க" என்றார் பூபாலன்.

அதன் பிறகு எதுவும் அவர் கையில் இல்லை. வாசலில் வேப்பிலை கட்டினார்கள். தையல் மிஷின்களுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அயர்னிங் செய்யும் பீகார்ப் பையன்கள், "மாதா ஆயி ஹை?" என்று கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கூப்பினார்கள். இந்த ஒரு விஷயத்தில் வடக்குக்கும் தெற்குக்கும் மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. பூபாலனை வேப்பிலைப் படுக்கையில் உட்கார வைத்து இளநீர் வெட்டினார்கள்.

"வேலையைப் பாருங்க! நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன்!" என்று அவர் கத்தினார்.

"கோவப்படாத தாயி, பாத்துடுவோம்" என்றார் பாண்டியம்மாள்.

ஆச்சரியம் என்னவென்றால், பார்த்தார்கள். இன்சார்ஜ் சொன்னபோது காதில் வாங்காதவர்கள், அம்மன் சொன்னதும் மூச்சுவிடாமல் வேலை செய்தார்கள். சிங்கம் பதிந்த உடுப்புகளை மட்டும் பயபக்தியோடு தனியாக எடுத்து வைத்துவிட்டு, மற்ற அத்தனையையும் நூல் பிசிறு இல்லாமல் முடித்துப் பெட்டி கட்டினார்கள். வீட்டுக்குக் கிளம்புமுன் பூபாலன் முதலாளி அறைக் கதவை லேசாகத் திறந்தார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க. எனக்கு அம்மைன்னு எல்லாருகிட்டயும் சொல்லிப்போட்டனுங்க. ஆனா அம்மை இல்லீங்க."

"அப்பறம் என்னதுங்க அது?"

"சொன்னா நீங்க பயந்துக்குவீங்க" என்று சொல்லி, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். முதலாளிக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று அவ்வளவு அக்கறை.

வெள்ளிக்கிழமை காலையில் இன்ஸ்பெக்‌ஷனுக்கு அழகுமலை வந்தார். ஒரு நூல் நுனிக்காக ஒரு லாரி சரக்கைத் திருப்பி அனுப்பியவர் என்று பெயர். வாசலில் நின்று வேப்பிலையை அண்ணாந்து பார்த்தார்.

"என்ன, திருவிழாவா?"

முழுக்கைச் சட்டையோடு பக்கத்தில் நின்ற சாமியப்பன் பூபாலன் பக்கம் திரும்பி, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூபாலன் முந்திக்கொண்டார்.

"பூச்சி வராம இருக்கறதுக்குங்க சார். கொழந்தைங்க உடுப்புங்களா, மருந்து அடிக்கறதில்லீங்க."

"குட்" என்றார் அழகுமலை. அவர் நல்லதாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அந்த நேரம் பார்த்துப் பாண்டியம்மாள் ஒரு சொம்பு கூழோடு வந்தார். பூபாலன் முன்னால் வைத்து, அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"தாயி, இந்த ஆர்டரைப் பாஸாக்கிக் குடு."

அழகுமலை பூபாலனை மேலும் கீழும் பார்த்தார். "இவரு யாரு?"

"குவாலிட்டி இன்சார்ஜுங்க" என்றார் சாமியப்பன் ஈனக் குரலில்.

"கால்ல விழுறாங்க?"

"எங்க கம்பெனில குவாலிட்டிக்கு அவ்வளவு மரியாதைங்க சார்" என்றார் பூபாலன்.

அழகுமலை பெட்டிகளைப் பிரித்தார். அளந்தார், இழுத்தார், வெளிச்சத்தில் பிடித்தார். குறை கிடைக்கவில்லை. குறை கிடைக்காதது அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. பூபாலனுக்கு உள்ளே காவல்காரர்கள் சரக்கைக் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். முதுகு, தோள், கழுத்து என்று வரிசையாகத் தீப்பிடித்தது. அசையாமல் நின்றார். கண்ணில் மட்டும் தண்ணீர் வழிந்தது.

"இந்தக் கையை ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிங்க" என்று ஒரு உடுப்பை நீட்டினார் அழகுமலை. பூபாலன் இழுத்தார். அவருடைய சட்டைக் கை மேலே ஏறியது.

"இது என்ன?"

ஃப்ளோரில் மிஷின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

"அம்மை" என்று பாண்டியம்மாள் சொல்ல வாயெடுத்தார். பூபாலன் கையைக் காட்டி நிறுத்தினார். அம்மை என்றால் இந்த ஆள் சரக்கை அப்படியே விட்டுவிட்டு ஓடிவிடுவார். அரிப்பு என்றால் துணி மேல் பழி. இனிப் பொய் சொல்ல அவரிடம் பொய்யும் மிச்சமில்லை.

"பயமுங்க சார்" என்றார்.

"பயமா?"

"மனசு பயந்தா தோலு தடிச்சுக்குதுங்க. தோலுக்கு அடியில காவல்காரங்க இருக்கறாங்க, அவங்களுக்கு ஆளு தெரியறதில்லீங்க. டாக்டரம்மாவே சொன்னாங்க."

"யாரைப் பாத்து பயம்?"

பூபாலன் சாமியப்பனைக் கை காட்டினார். "எங்க மொதலாளியைப் பாத்துங்க. அவரு அறைக்குப் போனாலே எனக்கு அரிக்க ஆரம்பிச்சுருமுங்க."

சாமியப்பன் தன் சட்டைக் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இந்தத் துணியைத் தொட்டுத்தான் வந்துச்சுன்னு நான் எழுதினா?" என்றார் அழகுமலை.

அதைக் கேட்டதும் பூபாலனுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக, மரியாதை ஏறாத கோபம் வந்தது. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லு, இந்த உடுப்பைச் சொல்லாதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சட்டென்று சட்டையைக் கழற்றினார். பாதி அழிந்த சிங்கம் எல்லோருக்கும் தரிசனம் தந்தது. பெட்டியில் கைவிட்டு உடுப்புகளை அள்ளினார். இரண்டைக் கையோடு கை முடிந்து தோளில் போட்டார். இரண்டைக் கழுத்தில் சுற்றினார். குட்டித் தொப்பி ஒன்றை உச்சந்தலையில் வைத்தார். மிச்சத்தை முதுகில் வைத்து அழுத்தும்படி பாண்டியம்மாளிடம் சொன்னார்.

"சித்த நேரம் பாருங்க சார். தடிப்பு கூடுச்சுன்னா எழுதிக்கங்க."

எல்லோரும் பார்த்தார்கள். பூபாலன் கண்ணை மூடினார். மனசில் இருந்ததைச் சொல்லித் தொலைத்துவிட்டார். போன மேனேஜர் வேலை போனதுதான், பயப்படுவதற்கு இனி ஒன்றும் பாக்கியில்லை. மெத்தென்ற துணி முதுகில் கிடந்தது. உள்ளே ஒவ்வொரு காவல்காரராக விசிலை வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். தடிப்புகள் மெல்ல மெல்ல அமுங்கின.

"அரிக்கலீங்க சார்" என்றார் பூபாலன். "எத்தனையோ நாளைக்கப்பறம் அரிக்கலீங்க."

அழகுமலை கிட்டே வந்து தடிப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். அவரும் ஒரு தகப்பன்தான் போலிருக்கிறது. முகம் இளகியது.

"இதை விட மோசமான தோல நான் பாத்ததில்ல. இதுக்கே உறுத்தலைன்னா எந்தக் குழந்தைக்கு உறுத்தப் போகுது? பாஸ். நீங்க போட்டிருக்கற பீஸை மட்டும் திரும்பப் பெட்டிக்குள்ள வெச்சிராதீங்க."

ஃப்ளோர் முழுக்கக் கைதட்டியது. பீகார்ப் பையன்கள் விசிலடித்தார்கள். சாமியப்பன் மட்டும் பூபாலனையே வெறித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டில் திணித்தபடி விறுவிறுவென்று மாடியேறிப் போனார்.

"சார்" என்றார் பாண்டியம்மாள் இரக்கத்தோடு. "ஆர்டர் பாஸு. நீங்க ஃபெயிலு."

திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டனுப்பினார். வினிதாவிடம் கல்யாண வீடுகளுக்குக் கொஞ்ச நாள் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் பூபாலன் வீட்டிலிருந்தே கிளம்பியிருந்தார். கதவைத் திறந்து, "ஒண்ணும் பயப்..." என்று ஆரம்பித்தார்.

"வேண்டாமுங்க! சொல்லாதீங்க!" சாமியப்பன் எழுந்தே விட்டார். ஒரு கவரை நீட்டினார். "உடுமலை யூனிட்டுக்கு நீங்கதான் மேனேஜர். இன்னைக்கே கெளம்பறீங்க."

பூபாலன் கவரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மொதலாளி! அன்னைக்கு நான் பேசுனதுக்கு..."

"அதையெல்லாம் மறந்துருங்க."

"அங்க எதாச்சும் பிரச்சினைன்னா ஒடனே வந்து உங்ககிட்ட..."

"வரவே வேண்டாமுங்க! போனும் வேண்டாம். நல்லதோ கெட்டதோ, நீங்களே பாத்துக்குங்க. உங்க மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை."

பூபாலன் அழுதுவிட்டார். எத்தனை பெரிய மனசு! இந்த மனுஷரைப் பார்த்தா இத்தனை நாள் பயந்தோம் என்று வெட்கமாக இருந்தது. சாமியப்பனுக்கும் கண் கலங்கியது. கும்பிட்டு வழியனுப்பினார்.

உடுமலைப்பேட்டைக் காற்று பூபாலனுக்கு ஒத்துக்கொண்டது. ஜன்னலைத் திறந்தால் தென்னந்தோப்பு, அதற்கு அப்பால் காற்றாலை. மாடியே இல்லாத கட்டடம். ஏறிப் போய்ச் சொல்ல யாரும் இல்லாததால் பிரச்சினைகள் அங்கேயே முடிந்துபோயின. தடிப்பு போன இடம் தெரியவில்லை. முதுகில் ஆசைக்குச் சொறிந்தால்கூட அரிக்க மறுத்தது.

அடுத்த வாரம் திருப்பூர் வந்தவர், டாக்டருக்கு நன்றி சொல்ல ஒரு பெட்டி மைசூர்பாகோடு கிளினிக்குக்குப் போனார். டாக்டர் உள்ளே வேறு ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட, அரிப்பு பூபாலனுங்களா!" என்றாள் விஜயராணி. "மொகமெல்லாம் பளபளன்னு இருக்குதுங்க!"

"சுத்தமாப் போயிருச்சுங்க. இப்ப உடுமலைல மேனேஜருங்க." பூபாலன் மைசூர்பாகுப் பெட்டியைத் திறந்து நீட்டினார். "எல்லாம் எங்க மொதலாளி சாமியப்பன் புண்ணியமுங்க. அவரைப் பாத்தாத்தான் எனக்கு அரிக்குதுன்னு அவரு மூஞ்சிக்கு நேராச் சொல்லிப்போட்டனுங்க. மனசுல வெச்சுக்காம மேனேஜராக்குனாரு பாருங்க, அவருக்குத் தெய்வ மனசுங்க."

விஜயராணி பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"அரிப்பு சாமியப்பனுங்களா? ‘எதைப் பாத்தா அரிக்குதோ அதைக் கண்ணுல படாத தூரத்துல கொண்டுபோயி வைங்க’ன்னு டாக்டரம்மா சொன்னாங்க, ‘வெச்சாச்சுங்க, உடுமலைல மேனேஜரா வெச்சிருக்கறேன்’னு நேத்துதான் வந்து சொல்லிச் சிரிச்சுட்டுப் போனாருங்க."